ராணிமாரு நாலு பேரு போதுமாக்கா?

போன இதழ்ல, தேசத்து வரலாற்றுல பொம்பளையாளுக எங்க இருக்காவன்னு கேட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதுக்கு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கமிருந்து வந்த கடிதாசியும் வாட்ஸ்அப் வாய்ஸும் படிச்சுக் கேட்டு மனசு நெறஞ்சு போச்சு. எல்லாத்துக்கும் இங்க இடம் காணாது, அதனால ஒரே மாதிரி இருக்க கேள்வியளச் சேத்து எடுத்திருக்கேன்.

கேள்வி: அக்கா, எங்க சிலபஸ்ல பெண்ணிய வரலாறுன்னு ஒரு யூனிட் இருக்கு. வேலு நாச்சியார், ராணி மங்கம்மா, ஜான்சி ராணி பத்தி படிச்சா போதும்லா? தனியா இதுல பெண்ணியம்னு என்ன இருக்கு?
(காலேஜ் மாணவி, அம்பாசமுத்திரம்)

பதில்: தங்கச்சி, அவியளப் பத்தி கட்டாயம் படிக்கணும். ஆனா அதோட முடிச்சிரக் கூடாது. கெர்டா லெர்னர்னு அமெரிக்காவுல ஒரு வரலாற்றாசிரியர் 1975-லயே இதப் பத்தி எழுதிருக்காவ. மொதல்ல விட்டுப்போன பெரிய பொம்பளையாளுகளத் தேடிப் பட்டியல் போடுவோம், அடுத்து ஆம்பளைய நடத்துன இயக்கத்துல பொம்பளைய என்ன பங்கு செஞ்சாவன்னு எழுதுவோம், ரெண்டும் தேவைதான், ஆனா ரெண்டுலயும் எது பெருசுன்னு முடிவு பண்ணுதது பழைய கணக்குத்தான், யுத்தத்துல நின்னாத்தான் ஜெயிலுக்குப் போனாத்தான் மேடையில பேசுனாத்தான் பேரு ஏறும், மத்தவிய எல்லாம் அந்தக் காலத்துல உயிரோட இருந்ததுக்கே தடயம் இல்லாம போயிருவாவன்னு அவிய கவலப்பட்டாவ.

மங்கம்மாவையே எடுத்துக்கோ. 1689-ல இருந்து 1706 வரைக்கும் மதுரை ராஜ்ஜியத்த ஆண்டாவ, இன்னைக்கும் நம்ம பக்கம் மங்கம்மா சாலைன்னு பேரு நிக்கி. மகன் செத்துப்போனான், பேரன் கைப்புள்ள, அவனுக்காகத்தான் ஆண்டாவ. வேலு நாச்சியாரும் அப்படித்தான், 1772-ல காளையார்கோயில்ல புருசன் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பொறவு விருப்பாச்சியில ஒதுங்கியிருந்து, ஹைதர் அலி உதவியோட 1780-ல சிவகங்கைய மீட்டாவ. ரெண்டு பேருக்கும் கதவு தொறந்தது வீட்டு ஆம்பளை செத்த பொறவுதான். அப்போ பெண்ணிய வரலாறு படிக்கவிய இவிய வீரத்தப் பாராட்டிட்டு அங்கனயே ஒரு கேள்வியும் கேப்பாவ: ஆம்பளை உசுரோட இருந்தா இவியளுக்கு அரமணையில என்ன இடம் இருந்திருக்கும்? இன்னொண்ணு, மங்கம்மாவோட மருமக, அந்தக் கைப்புள்ளயப் பெத்து சில நாள்லயே செத்துப்போன பொண்ணு, வாரிசக் குடுத்தவளே அவதான், அவளுக்கு எத்தன புஸ்தகத்துல ஒரு வரிக்கு மேல இருக்குன்னு உங்க லைப்ரரியில தேடிப் பாரு.

அடுத்து காலக்கணக்கு. ஜோன் கெல்லின்னு ஒரு வரலாற்றாசிரியர் 1977-ல, ஐரோப்பாவுல மறுமலர்ச்சி மறுமலர்ச்சின்னு கொண்டாடுதமே, அந்த மறுமலர்ச்சி பொம்பளைக்கும் வந்துதான்னு கேட்டா. பாத்தா அந்தக் காலத்துல மேல்தட்டுப் பொம்பளையாளுக்கு இருந்த கொஞ்ச சுதந்திரமும் சுருங்கித்தான் போயிருக்கு. இந்தக் கேள்விய நம்ம 1947-க்கும் போட்டுப் பாக்கலாம். பஞ்சாப் பக்கம் பிரிவினையில கடத்தப்பட்ட பொம்பளையாளுகள மீட்கதுக்கு 1949-ல அரசாங்கம் ஒரு சட்டமே போட்டுது. சில பேரு புது எடத்துல புள்ளையும் பெத்து இருந்துட்டாவ, நாங்க வரலன்னாலும் விடல, எந்த நாட்டுக்காரியோ அந்த நாட்டுக்குப் போன்னு ஏத்தி விட்டாவ. ஊர்வசி புட்டாலியா, ரிது மேனன், கமலா பாசின் இவிய எல்லாம் அந்தப் பொம்பளையாளுகள வருசக்கணக்காத் தேடிப் பேசி 1998-ல புஸ்தகம் போட்டாவ, அது வரைக்கும் அம்பது வருசம் சுதந்திர வரலாற்றுல இது ஓரத்துக் கதையாத்தான் கெடந்துது. எனக்கு அதப் படிச்ச பொறவு ஆகஸ்ட் 15 கொடியேத்தும்போது அந்த முகமெல்லாம் நெனப்புல வரத்தான் செய்யுது.

நம்ம மெட்ராஸ் மாகாணமே உதாரணம். 1921-லயே பொம்பளைக்கு ஓட்டுரிமை குடுத்த மொத மாகாணம்னு பெருமை பேசுதோம், பெருமைதான். ஆனா சொத்து இருந்தாத்தான் ஓட்டு. எத்தன பொம்பளை பேருல அப்போ பட்டா இருந்துது? நடவு நட்ட கைக்கு ஓட்டு வர 1952 தேர்தல் வரைக்கும் காத்திருக்கணும். இதெல்லாம் கேட்டாத்தான் யூனிட்டு முடியும் தங்கச்சி, பரீட்சைக்கு ராணிமாரு பேரும் எழுதிரு.

கேள்வி: நாட்டையே தாயாகக் கும்பிட்ட மண்ணு இது. வேத காலத்துல கார்கி, மைத்ரேயின்னு பொம்பளைய தத்துவ வாதம் பண்ணுனாவ. பொறவு எங்க இடம் இல்லன்னு எழுதுதிய?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கடையம்)

பதில்: அண்ணாச்சி, கோவத்துல எழுதுனாலும் நல்ல கேள்வியாத்தான் கேட்டிருக்கிய. 1989-ல கும்கும் சங்காரியும் சுதேஷ் வைதும் சேந்து ஒரு கட்டுரைத் தொகுப்பு போட்டாவ, அதுல உமா சக்கரவர்த்தி இதையேதான் எடுத்துப் பேசுதாவ. வெள்ளக்காரன் உங்க நாட்டுப் பொம்பளையாளு நெலமை கேவலம்னு சொன்னான், நம்மாளுக ரோசப்பட்டு ஒரு பொற்காலத்தத் தேடிப் போனாவ, கார்கி கெடச்சா, மைத்ரேயி கெடச்சா. சரி, அதே வேதத்துல தாசின்னு வராளே, ஆடு மாடு பொன்னோட சேத்து தானமாக் குடுக்கப்பட்டவ, அவ எங்க போனான்னு உமா கேக்காவ. பொற்காலத்துக்குள்ள நொழைய ஒசந்த குலத்துப் பொம்பளைக்கு மட்டுந்தான் டிக்கெட் கெடச்சிருக்கு. இந்தக் கேள்விய நம்ம ஊரு வயக்காட்டுல நின்ன பொம்பளையள வச்சு யோசிச்சுப் பாருங்க, எனக்கு இது சாதாரண விசயமாத் தெரியல.

தாய் விசயத்துக்கு வாரேன். 1905-ல அபனீந்திரநாத் தாகூர் பாரதமாதாவ படமா வரைஞ்சாரு. அதே தொகுப்புல பார்த்தா சாட்டர்ஜி எழுதுதாரு, வெளிய ஆபீஸு, கோர்ட்டு, தொழில் எல்லாம் வெள்ளக்காரன் கையில போச்சு, வீடு மட்டும் நம்மகிட்ட இருக்கு, அந்த வீட்டக் காப்பாத்துத பொறுப்ப பொம்பளை தலையில வச்சு அவளப் படிக்கவும் வச்சு, ஆனா எல்லையும் கோடு கிழிச்சு வச்சாவன்னு. தமிழ்த்தாய் எப்படி உருவானாங்கறதப் பத்தி சுமதி ராமசாமி 1997-ல ஒரு பெரிய புஸ்தகமே எழுதிருக்காவ. கும்பிடுதது தப்புன்னு நான் சொல்லல. தெய்வத்துக்கு ஓட்டு வேண்டாம், கூலி வேண்டாம், சொத்துல பங்கு வேண்டாம். பொம்பளைக்கு இதெல்லாம் வேணும்.

நீங்க கடையத்துக்காரரு, பாரதியார் பொஞ்சாதி செல்லம்மா பொறந்த ஊரு. 1897-ல கல்யாணம் ஆகும்போது அவியளுக்கு வயசு ஏழு. புருசன் 1908-ல புதுச்சேரிக்குப் போனாரு, பத்து வருசம், அந்த வீட்டுல அரிசிக்கு என்ன வழி, ஒளவாளி கண்ணு முன்னால எப்படிப் புழங்குனாவ, புள்ளையள எப்படி வளத்தாவ, இதெல்லாம் சுதேசி இயக்கத்து வரலாறு இல்லையா? பாரதி செத்த பொறவு பாரதி ஆச்ரமம்னு ஒண்ண ஆரம்பிச்சு பாட்டெல்லாம் அச்சுல கொண்டு வந்ததுல செல்லம்மாவுக்குப் பங்கு இருக்கு, 1951-ல திருச்சி வானொலியில புருசனப் பத்திப் பேசியும் இருக்காவ. அந்தப் பேச்ச நாம பாரதியத் தெரிஞ்சுக்கத்தான் கேக்கோம். பெண்ணிய வரலாற்றாசிரியர் அதையே செல்லம்மாவத் தெரிஞ்சுக்கதுக்குக் கேப்பாவ, எங்க நிறுத்துதாவ, எத விட்டுட்டுப் போறாவன்னு கவனிப்பாவ. மணியாச்சி பேரு நம்ம எல்லாத்துக்கும் தெரியும், 1911 ஜூன் 17, வாஞ்சி. அவரு பொஞ்சாதி பொன்னம்மாள் பேரச் சொல்லுங்கன்னு ஒரு வகுப்புல கேட்டா எத்தன கை தூக்கும் அண்ணாச்சி, நீங்களே வாத்தியாரா இருந்தவிய.

கேள்வி: எங்க ஆச்சி பதனீர் காச்சுனாவ. அம்மா பீடி சுத்துதாவ. இதெல்லாம் வரலாறுன்னு சொன்னா எங்க வீட்டுலயே சிரிக்காவ அக்கா.
(திசையன்விளை)

பதில்: சிரிக்கவியளக் கூட்டி வச்சு இத சத்தமா வாசிச்சுக் காட்டு.

பனைத் தொழில்னா நம்ம கண்ணுக்கு வருதது மரத்துல ஏறுத ஆம்பளை. கால்டுவெல் 1849-ல நம்ம பக்கத்துச் சாணார்களப் பத்தி புஸ்தகம் எழுதும்போது, பொறவு 1881-ல திருநெல்வேலி சீமை வரலாறு எழுதும்போது, அவருக்கும் அப்படித்தான். ஏறுதது உசுரப் பணயம் வைக்க வேலை, அதுல சந்தேகம் இல்ல. ஆனா எறக்குன பதனீர் அன்னைக்கே அடுப்பேறலன்னா புளிச்சுப் போவும், கலயத்துல சுண்ணாம்பு தடவுனாலும் ரொம்ப நேரம் தாங்காது. வெறகு பொறுக்கி, ஓலை கூட்டி, சட்டியில ஊத்தி, மணிக்கணக்கா புகையில நின்னு கிண்டி, எந்தப் பதத்துல எறக்கணும்னு கண்ணாலயே பாத்து, சிரட்டையில ஊத்தி கருப்பட்டியாக்குனது யாரு? ஒங்க ஆச்சி. பதம் தப்புனா அன்னைக்கு உழைப்பு மொத்தமும் போச்சு. சந்தையில வெலைக்குப் போனது கருப்பட்டிதான், ஆனாலும் தொழிலுக்குப் பேரு பனையேத்து, தொழிலாளி பனையேறி, ஆச்சி ஒத்தாசைக்காரி. பெண்ணிய வரலாறு கைய வைக்க எடம் இங்கனதான். ஆவணத்துல குடும்பத் தலைவன் பேரு ஒண்ணுதான் இருக்கும், அந்த ஒரு பேருக்குப் பின்னால எத்தன கை உழைச்சிருக்குன்னு விரிச்சுப் பாக்கணும்.

கால்டுவெல் வீட்டுலயே பாருங்களேன். அவரு சம்சாரம் எலைசா, நாகர்கோவில் மால்ட் மிஷனரி மக, சின்ன வயசுலயே தமிழ் பேசி வளந்தவ. இடையன்குடியில பொம்பளப் புள்ளையளுக்கு பள்ளிக்கூடம் வச்சு லேஸ் பின்னச் சொல்லிக் குடுத்தா. புருசனுக்கு ஊரெல்லாம் சிலையும் பேரும் இருக்கு, இவளுக்கு அவரு கதையில ரெண்டு பத்தி. அந்த லேஸ பின்னுன நம்மூர்ப் புள்ளையளுக்கு அந்த ரெண்டு பத்தியும் இல்ல.

பீடிக்கு வாரேன். முக்கூடல், மேலப்பாளையம், தென்காசி, எங்க போனாலும் வாசத்திண்ணையில தட்ட மடியில வச்சு இலை வெட்டி, தூள் வச்சு, நூல் கட்டி, பேசிக்கிட்டே கை போவுது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கணக்கு. 1966-ல பீடித் தொழிலாளிக்குன்னு தனிச் சட்டம் வந்துது, வீட்டுல இருந்து சுத்துதவளும் தொழிலாளிதான்னு அதுல ஒத்துக்கிட்டாவ, அந்தச் சட்டம் சும்மா வரல. ஆனா வீட்டுக்கு யாராவது வந்து அம்மா என்ன வேலை பாக்காவன்னு கேட்டா நாமளே "வீட்லதான் இருக்காவ"ன்னு சொல்லுதோம். அந்தப் பதில்தான் பொறவு எங்கயோ ஒரு பேப்பர்ல ஏறி, அம்பது வருசம் கழிச்சு ஒருத்தன் எடுத்துப் பாத்து, இந்த ஊருல பொம்பளையாளு வேலைக்குப் போவலன்னு எழுதுவான். எனக்கு இத நெனச்சா ஆத்திரம் வருது. அம்மாவோட பீடி பாஸ்புக்கத் தூரப் போட்டுராத, அது அரசாங்க ஆவணம் மாதிரி பத்திரமா இருக்கட்டும்.

கேள்வி: மிஷனரிமாரு வந்ததாலதான நம்ம பொம்பளையாளுக்குப் படிப்பும் மேல்துணியும் கெடச்சுது? பெண்ணியம் பேசுதவிய அதுலயும் கொறை கண்டுபுடிக்காவளே?
(பாளையங்கோட்டை)

பதில்: படிப்பு கெடச்சது உண்மை, அத யாரும் மறைக்க முடியாது. சாரா டக்கர் பேருல 1895-ல காலேஜ் வந்துது, சாரா டக்கர் அம்மா இந்த மண்ண மிதிச்சதே இல்ல, இங்கிலாந்துல இருந்தே செஞ்ச வேலை. நாங்க பல பேரு தலைமுறை தலைமுறையா அந்தக் கடனுக்கு ஆளானவியதான்.

கேள்வி எங்க எழும்புதுன்னா, அந்தக் கதையில நம்ம பொம்பளைய எப்பவும் காப்பாத்தப்படுதவளா மட்டும் வாரா. சதிங்கற உடன்கட்டை ஏறுதத ஒழிக்கது பத்தின வாதத்த எல்லாம் லதா மணிங்கற ஆய்வாளர் படிச்சுப் பாத்தாவ, 1829-ல தடைச் சட்டம் வாரதுக்கு முன்னால வெள்ளக்காரனும் பண்டிதரும் சீர்திருத்தக்காரரும் மாத்தி மாத்தி எழுதுன பக்கம் எத்தனையோ, அதுல நெருப்புல ஏறுனவ சொன்னது என்னன்னு தேடுனா ஒண்ணும் அகப்படல. அவள வச்சு மத்தவிய பாரம்பரியத்தப் பத்திச் சண்ட போட்டிருக்காவ.

தோள்சீலைச் சண்டைக்கும் இதப் பொருத்திப் பாக்கலாம். நமக்குத் தெக்க, திருவிதாங்கூர்ப் பக்கம், சந்தைக்குப் போன நாடார் பொம்பளையாளுகள மறிச்சு ரவிக்கையக் கிழிச்சாவ, வருசக்கணக்கா நடந்துது, 1859-ல ராஜா உத்தரவு வந்துது, போட்டுக்கிடலாம், ஆனா மேல்சாதிக்காரி போடுத மாதிரி போடக் கூடாதுன்னு. இத நாம மிஷனரி ஜெயிச்ச கதையாவோ சாதி ஜெயிச்ச கதையாவோ சொல்லுதோம். கிழிச்ச பொறவும் மறுநாள் அதே துணியப் போட்டுக்கிட்டு அதே சந்தைக்குப் போயிருக்காளே ஒருத்தி, அவதான் இந்தக் கதையோட நடு. அவ பேரு நம்ம கையில இல்ல, ஆனா அவ நடையிலதான் எல்லாம் நடந்துது, அவள ஓரத்துல வச்சு எழுதுத வரலாற என்னால ஏத்துக்கிட முடியல.

உங்க ஊருலயே குளோரிந்தா இருக்காவ. தஞ்சாவூர் பக்கத்து பிராமண விதவை, லிட்டில்டன்னு ஒரு வெள்ளக்கார ஆபீசரோட பாளையங்கோட்டைக்கு வந்தாவ. சுவார்ட்ஸ்ங்கற மிஷனரி மொதல்ல ஞானஸ்நானம் குடுக்க மாட்டேன்னுட்டாரு, கல்யாணம் பண்ணாம சேந்து இருக்கான்னு. பொறவு 1778-ல குடுத்தாரு. 1780-ல எழுதுன சபைப் பட்டியல்ல இருந்த 40 பேருல மொதப் பேரு இவியளோடது. இவிய முன்ன நின்னு கட்டுன கோயில சுவார்ட்ஸ் வந்து 1785-ல பிரதிஷ்ட பண்ணுனாரு, சனங்க பாப்பாத்தி கோயில்னு சொல்லுச்சு, கெணறும் வெட்டுனாவ. ஒரே ஆளுக்குள்ள விதவை, வெள்ளக்காரன் துணை, சபையோட தாய், பாப்பாத்தின்னு எத்தன அடையாளம். பக்திக் கதையா மட்டும் எழுதுனா நடுவுல உள்ள வருசம் வெக்கக்கேடாப் போயிருது, மறைச்சிருதாவ. எனக்கு அந்த வருசங்கதான் முக்கியம், விதவைக்கு எல்லா வாசலும் அடச்ச காலத்துல ஒருத்தி தனக்கு வழி தேடுன வருசம் அது.

கேள்வி: வில்லுப்பாட்டுல வார கதைய ஆதாரமா எடுக்கலாமா?
(விக்கிரமசிங்கபுரம்)

பதில்: எடுக்கலாம், எப்படிப் படிக்கணும்னு தெரிஞ்சு எடுக்கணும். ஒங்களுக்கு காரையாறு சொரிமுத்தையன் கோயில் பக்கந்தான், ஆடி அமாவாசைக்குப் போயிருப்பிய, பட்டவராயன் சன்னதியில பொம்மக்கா திம்மக்காவும் இருக்காவ, செருப்பு காணிக்கை போடுதாவ. முத்துப்பட்டன்னு ஒரு பிராமணன் சக்கிலியர் வீட்டுப் பொண்ணுக ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டு, அந்தச் சாதித் தொழிலையும் ஏத்துக்கிட்டு, ஆநிரை காக்கப் போயி செத்தான்னு கதை. இந்தப் பொண்ணுக நெசத்துல பிராமண வீட்டுல பொறந்து காட்டுல விடப்பட்டவியன்னு பின்னால ஒரு ஒட்டுப் போட்டாவ, இத நம்ம நாங்குநேரி நா. வானமாமலை பேராசிரியர் எடுத்துக் காட்டியிருக்காரு. நடந்துச்சா இல்லையாங்கதுக்கு இது சாட்சி இல்லாம இருக்கலாம். ஆனா ஒரு தலித் பொண்ண தெய்வமாக் கும்பிட மனசு வராம, அவ பொறப்பையே மாத்தி எழுதுன சமூகத்துக்கு இத விட என்ன சாட்சி வேணும்? ஒப்பாரி, தாலாட்டு, இசக்கி கதை எல்லாத்தையும் இப்படித்தான் கேக்கணும். எது சேத்தாவ, எது வெட்டுனாவ, யாரு பாடும்போது எப்படி மாறுது.

கேள்வி: ஆம்பளைய பெண்ணிய வரலாறு எழுதலாமா?
(சங்கரன்கோவில்)

பதில்: தாராளமா எழுதலாம் தம்பி, மேல சொன்ன சாட்டர்ஜி ஆம்பளைதான். ஜோன் ஸ்காட் 1986-ல ஒரு கட்டுரையில சொன்ன மாதிரி இது பொம்பளையப் பத்தின பாடம் மட்டும் இல்ல, ஆண் பெண்ங்கற பிரிவ வச்சு அதிகாரத்த எப்படிப் பேசுதாவன்னு பாக்கதும்தான். கட்டபொம்மன் கதையில மீசைக்கும் வீரத்துக்கும் ஏன் அம்புட்டு முக்கியத்துவம்னு நீயே எழுதிப் பாரேன்.

கேள்வி: எங்க ஆச்சிக்கு எண்பத்தஞ்சு வயசு. பேச்ச ரெக்கார்டு பண்ணணும்னு ஆசை, எப்படி ஆரம்பிக்க?
(வீரவநல்லூர்)

பதில்: இந்த வாரமே ஆரம்பி. மும்பையில ஸ்பேரோன்னு பொம்பளையாளு பேச்சு, படம், கடிதம் எல்லாம் சேத்து வைக்க ஒரு ஆவணக் காப்பகம் 1988-ல தொடங்குனாவ, அத ஆரம்பிச்சதுல ஒருத்தர் நம்ம எழுத்தாளர் அம்பை. தெலங்கானாவுல 1946-ல இருந்து 51 வரைக்கும் நடந்த ஆயுதப் போராட்டத்துல இருந்த பொம்பளையாளுகள ஸ்த்ரீ சக்தி சங்கடனாங்கற குழு பல வருசம் கழிச்சுப் போயிப் பேச வச்சுது, துப்பாக்கி தூக்குனவியள போராட்டம் முடிஞ்சதும் வீட்டுக்குப் போய் சமைன்னு அனுப்பிச்சாவங்கறது அப்பதான் வெளிய வந்துது. கட்சி எழுதுன வரலாற்றுல அது கெடையாது.

ஒனக்கு போன் போதும். ஆச்சிகிட்ட வருசம் கேக்காத, மூத்த புள்ள பொறந்த பொறவா முன்னாலயா, 92 வெள்ளத்துக்கு முன்னாலயான்னு கேளு, கணக்கு தானா வரும். சுதந்திரப் போராட்டம் பத்திச் சொல்லுங்கன்னு தொடங்குனா ஒண்ணும் தெரியாதுன்னுருவாவ, காலையில எந்திச்சதும் என்ன செய்வியன்னு கேட்டா மூணு மணி நேரம் பேசுவாவ. கூலி எவ்வளவு, நெல்லா துட்டா, யாரு கையில குடுத்தாவ, பேறுகாலம் எங்க, எத்தன புள்ள தங்கல, ஆத்துக்குப் போவ எந்தத் தெரு வழியாப் போவலாம் எந்தத் தெருவுல போவக் கூடாது, இதெல்லாம் கேளு. தாத்தாவோ மாமாவோ பக்கத்துல உக்காந்திருந்தா அவிய பதில் சொல்லிருவாவ, அதனால ஆம்பளைய இல்லாத நேரமா மத்தியானம் வச்சுக்கோ. ஒரு எடத்துல ஆச்சி பேச்ச மாத்துனா தோண்டாத, அந்த நிமிசத்தக் குறிச்சு வச்சுக்கோ. முடிஞ்சதும் அவியளுக்கே போட்டுக் காட்டி, இத மத்தவிய கேக்கலாமான்னு கேளு, இந்தத் துண்டு வேண்டாம்னு சொன்னா வெட்டிரு, அவிய குரலு அவிய சொத்து. பொறவு ஒரு காப்பி பென் டிரைவ்ல ஏத்தி, ஊரு, தேதி, யாரு பேசுதா, யாரு கேட்டான்னு ஒரு தாள்ல எழுதி அதோட கட்டி வை.